பிள்ளைகள் எத்தனை பேர் என்று டொக்டர் கேட்டார்

என் உடம்பு வருத்தத்தை எனக்கு முதலே கண்டுபிடித்தது என் பஸ்ஸில் வருகிற சனம்.

தண்ணீரூற்றிலிருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றின் சாரதி நான். அந்த றோட்டில் வண்டியை வீணாக நிற்பாட்டாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. ஒரு வருடத்துக்குள் அந்தப் பெயர் காற்றில் போய்விட்டது. நெடுங்கேணி தாண்டியதும் சலம் (சிறுநீர்) போக ஒரு தடவை இறங்குவேன். புளியங்குளச் சந்தியில் இன்னொரு தடவை. ஓமந்தை வருவதற்குள் திரும்பவும் முட்டும். பற்றைக்குப் பின்னால் போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் நூல் போல வரும், நிற்கும், பிறகு சொட்டும். திரும்பி வந்து ஆசனத்தில் இருந்ததும் இன்னும் மிச்சம் கிடக்கிறது என்று உடம்பு சொல்லும்.

தினமும் முன் ஆசனத்தில் வரும் ஆசிரியை ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குச் சீனி வருத்தம் போல கிடக்கு. ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாருங்கோ."

எங்கள் பக்கத்தில் சலம் அடிக்கடி போனால் அது சீனி, நீரிழிவுதான். வேறொன்றாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. இரத்தம் சோதிக்காமலே எனக்குச் சீனி வருத்தம் என்று முடிவுகட்டினேன். சீனி இல்லாத தேத்தண்ணி, குரக்கன் புட்டு, காலையில் பாவற்காய்ச் சாறு. என் மனைவி ராணி ஒவ்வொரு நாளும் அதை இடித்துப் பிழிந்து தருவாள். வேலிக் கரையில் சலம் விட்ட இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று வேறு குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். எறும்பு வரவில்லை. அதைப் பாவற்காயின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இதை வாசிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்போது பாவற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருக்கலாம். ஐம்பது தாண்டிய ஆணாக இருந்தால், கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது ஒரு தடிமன். நெல் வெட்டுக் காலம். றோட்டோர வயல்களில் வெட்டு மெசின்கள் கிளப்பிய தூசியில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. கடையில் தடிமன் குளிசை வாங்கினேன். காலையில் ஒன்று போட்டேன், புளியங்குளத்தில் தேத்தண்ணியோடு இன்னொன்று போட்டேன். மூக்கு நின்றது. வவுனியா பஸ் நிலையத்தில் இறங்கிப் போனால் சலமும் நின்றுவிட்டது.

நின்றது என்றால் ஒரு சொட்டும் இல்லை. அடிவயிறு கல்லாகிக்கொண்டே வந்தது. நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. வியர்வையில் சேட்டு நனைந்து ஒட்டியது. கொண்டக்டர் பொடியன்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே ஆண் தாதி ஒருவர் கதீற்றர் (சலத்தை வெளியே எடுக்கச் சலவழியால் சலப்பைக்குள் விடும் மெல்லிய குழாய்) போட்டார். போடும்போது கூசியது, எரிந்தது. அடுத்த நிமிடம் பை நிரம்பத் தொடங்கியது. அந்தச் சுகத்தை நான் எப்படி எழுதுவேன்? அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்கு இது பழகிய விசயம் போல.

"எல்லாரும் இப்பிடித்தான் அண்ணை. கொஞ்ச நேரத்தில சிரிப்பியள்" என்றார்.

உண்மையாகவே சிரித்தேன்.

ஸ்கான் செய்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். எனக்குச் சீனி இல்லவே இல்லை. புரஸ்டேட் (ஆண்களுக்குச் சலப்பையின் கழுத்தடியில், சலவழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி) வீங்கிச் சலவழியை நெரித்துக்கொண்டிருந்தது. வயது போகப் போகப் பல ஆண்களுக்கு இது வருமாம். பி.எஸ்.ஏ. (அந்தச் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு பொருளின் அளவு, அதிகமாக இருந்தால் புற்றுநோயா என்று மேலும் பார்ப்பார்கள்) என்கிற சோதனையில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். தடிமன் குளிசைகளில் சில, ஏற்கனவே நெரிந்து கிடக்கிற சலவழியை முற்றாகப் பூட்டிவிடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இதைத் தெரியாமல் குளிசை போடுகிற சாரதிகள் எத்தனை பேர் இந்த றோட்டில் ஓடுகிறார்களோ.

சில நாளில் குழாயை எடுத்தார்கள். சலப்பையின் கழுத்தைத் தளர்த்தும் குளிசையைத் தந்தார்கள். சலம் போனது. ஆனால் போன பிறகும் நிறைய உள்ளே தங்குகிறது என்று ஸ்கான் காட்டியது. சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கும்படி கிளினிக்குக்கு நாள் குறித்தார்கள்.

அந்தக் கிளினிக்குக்கு என் தம்பி யோகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ராணி தானும் வருவதாகச் சொன்னாள். இது ஆம்பிளை வருத்தம், அங்கே முழுக்க ஆம்பிளைகள், நீர் வந்து என்ன செய்யப்போகிறீர் என்று மறித்துவிட்டேன். யோகன் என் பக்கத்து வளவில் இருக்கிறான். கமம் செய்கிறான். எனக்கு ஒன்றென்றால் மண்வெட்டியை வரம்பில் போட்டுவிட்டு வருகிறவன்.

டொக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல் கதைத்தார்.

"சுரப்பியின்ர உள்பக்கத்தைச் சுரண்டி எடுக்கிற ஒப்பரேஷன் ஐயா. வெளியில வெட்டு இல்லை, சலவழியாலதான் கருவி போகும். கனகாலமாச் செய்யிறது, நம்பிக்கையானது. சலம் நல்லாப் போகும். ஒண்டு மட்டும் சொல்லவேணும். இதுக்குப் பிறகு கனபேருக்கு விந்து வெளியில வராது, பின்பக்கமாச் சலப்பைக்குள்ள போயிடும். தீங்கு இல்லை. குடும்ப வாழ்க்கைக்கும் தடையில்லை. ஆனா பிள்ளை தங்கிறது கஷ்டம். உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை பேர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் யோகன் சொன்னான்.

"மூண்டு பேர் டொக்டர். மூத்தவள் இந்த முறை ஓ.எல். சோதினை எடுக்கிறாள்."

"அப்ப யோசிக்க ஒண்டும் இல்லை" என்றார் டொக்டர். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

எனக்கும் ராணிக்கும் பிள்ளை இல்லை. அந்த மூவரும் யோகனின் பிள்ளைகள்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்குமோ தெரியாது. கலியாண வீட்டிலோ கோயிலிலோ புதிதாகப் பழகுகிற ஒருவர் என்னிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால், யோகன் பக்கத்தில் நின்றால் குறுக்கே விழுந்து மூன்று என்பான். இல்லை என்ற சொல்லை என் வாயால் சொல்லவிட அவனுக்குப் பொறுக்காது. எங்கள் ஆட்கள் பலர் இதைச் செய்வார்கள். பக்கத்தில் நிற்கிறவர் தன் பிள்ளைகளை எடுத்து நீட்டிவிடுவார். கேட்டவரும் மேலே தோண்டமாட்டார். அந்த மூன்றும் எனக்குப் பெறாமக்கள், பெரியப்பா பெரியப்பா என்று என் முதுகில் ஏறி வளர்ந்தவை. அது பொய் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அன்று டொக்டரின் கதவுக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது. பக்கத்தில் தம்பி அவ்வளவு உரிமையோடு இருந்தான். டொக்டருக்கு முன்னால் ஓம் என்பதைத் தவிர வேறு சொல் எங்களுக்கு வருவதும் குறைவு. ஒப்பரேஷனுக்கு நாள் தந்தார்கள்.

ராணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் செட்டிகுளத்துக்காரி. அவளுடைய பெற்றோர் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டி வயல் செய்தவர்கள். எங்களுக்குக் கலியாணம் நடந்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. தங்கச்சிமாரைக் கரைசேர்த்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வீடு கட்டி முடிக்க அவ்வளவு காலம் எடுத்தது. ராணிக்கு முப்பத்திமூன்று. ஒருமுறை தங்கி மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்து ஏமாந்துகொண்டிருந்தோம்.

அன்று பின்னேரம் அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். டொக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். விந்துக் கதை வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதும், யோகன் சொன்னதும், நான் தலையாட்டியதும் எல்லாம் சொல்லி முடித்தேன். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது.

அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"டொக்டரிட்டப் போய் ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் சொல்லேல்லை. யோகன்தான்..."

"நீங்கள் தலையாட்டினனீங்கள்தானே."

நான் வெட்டிய மீனை எடுத்துச் சட்டிக்குள் போட்டேன்.

"எனக்கு முப்பத்தேழு. எனக்கு இன்னும் நாள் இருக்கு, ஆனா கனநாள் இல்லை" என்றாள். "அந்தப் பிள்ளையள் எனக்கும் பிள்ளையள்தான். அதுக்காக என்ர பிள்ளை வேண்டாம் எண்டு நான் எப்ப சொன்னனான்? ஒப்பரேஷனுக்கு முதல் கிளினிக் இருக்குத்தானே. அதுக்கு நான் வாறன்."

வந்தாள். யோகனும் வந்தான். காத்திருக்கும் வாங்கு முழுக்கச் சாரமும் சேட்டுமாக ஆம்பிளைகள். நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இவள் ஒருத்தி. எல்லாரும் இவளைப் பார்ப்பதும் பிறகு மேலே சுழலும் காற்றாடியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

உள்ளே போனதும் அவள் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"டொக்டர், இவருக்குப் பிள்ளையள் இல்லை. எங்களுக்கு வேணும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு யோகனைப் பார்த்தார். யோகனின் முகம் கறுத்துவிட்டது.

"நான்தான் டொக்டர் சொன்னனான். என்ர மூண்டையும்தான் சொன்னனான். அண்ணை தன்ர வாயால இல்லை எண்டு சொல்லுறதை நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?" அவனுடைய குரல் உடைந்தது. "ஒப்பரேஷனோட அதுக்கு இவ்வளவு தொடர்பு இருக்கெண்டு எனக்கு விளங்கேல்லை. அண்ணி, என்னை மன்னியுங்கோ."

ராணி அவனுடைய தோளைத் தொட்டு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றாள். இரண்டு பேர் என்னில் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள், நான் ஒருவன் மரம் மாதிரி இருக்கிறேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

டொக்டர் யாரையும் ஏசவில்லை. "இப்ப சொன்னது நல்லதாப் போச்சு. இருங்கோ அம்மா" என்றார். பிறகு நடந்ததுதான் என்னை எழுதத் தூண்டியது. அதுவரை எனக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று குளிசை, மற்றது ஒப்பரேஷன். நடுவில் இத்தனை வழி இருப்பது எனக்குத் தெரியாது.

சுரப்பியின் இரண்டு பக்கத்தையும் சின்னக் கொக்கிகளால் இழுத்துக் கட்டி, சலவழியைத் திறந்துவிடும் முறை ஒன்று இருக்கிறதாம். எதையும் வெட்டுவதில்லை. ஆனால் எல்லா வடிவச் சுரப்பிக்கும் அது சரிவராது. என்னுடையது நடுவிலும் வீங்கியிருந்தது. இன்னொன்றில், தொடையிலோ கையிலோ இருக்கும் நாடிக்குள்ளால் மெல்லிய குழாயைக் கொண்டுபோய், சுரப்பிக்கு இரத்தம் போகும் நாடியை அடைப்பார்கள். சுரப்பி மெல்ல மெல்லச் சுருங்கும். லேசர் (கூர்மையான ஒளிக்கதிர்) கொண்டு கடைந்து எடுக்கும் முறையும் உண்டு. பெரிய வீக்கத்துக்கு அது நல்லது, ஆனால் விந்து விசயத்தில் பழைய ஒப்பரேஷனைப் போலத்தான். கடைசியாக நீராவி. சலவழியால் ஒரு கருவியை விட்டு, அதன் நுனியிலுள்ள ஊசியால் சுரப்பிக்குள் கொதிநீராவியைச் சில செக்கன்கள் விடுவார்கள். அவிந்த இடம் செத்து, உடம்பு அதைக் கிழமைக் கணக்கில் கரைத்து எடுத்துவிடும். விந்து போகும் வழிக்குப் பெரும்பாலும் சேதம் வராது.

"புட்டு அவிக்கிற மாதிரியோ டொக்டர்?" என்று ராணி கேட்டாள்.

டொக்டர் சிரித்துவிட்டார். "ஓம் அம்மா, ஆனா ஒரு சிரட்டை அளவும் வராது. கேளுங்கோ, நான் ஆசை காட்டேல்லை. இது எல்லாருக்கும் பொருந்தாது. உடன பலன் தெரியாது, முதல் கொஞ்சநாள் இப்ப இருக்கிறதைவிட மோசமாக்கூட இருக்கும். சிலருக்கு வருசங்கள் போகத் திருப்பிச் செய்யவேண்டி வரும். பிள்ளை கிடைக்கும் எண்டு நான் உறுதி சொல்லமாட்டன், வழியை அடைக்காம விடலாம் எண்டுதான் சொல்லுறன். இப்ப போடுற குளிசையும் விந்து வாறதைக் குறைக்கும். சரிவந்தா அதையும் நிப்பாட்டலாம். இதுக்குக் கொழும்புக்குப் போகவேணும்."

அந்தக் கதிரையிலிருந்து பொடியன் போலத் துள்ளி எழும்பினேன். பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்திருக்கிறது என்ற புளுகம், சந்தோசம்.

வீட்டுக்கு வந்ததும் சாரதிப் புத்தி எழும்பியது. இங்கே ஒப்பரேஷன் செய்கிறது கிட்ட, நம்பிக்கையானது, கெதியாக வண்டியில் ஏறலாம். அங்கே தூரம், பலன் பிந்தும், உறுதியும் இல்லை. செலவுக் கதையை நான் எடுக்கவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரண்டு நாள் இப்படிப் புலம்பினேன். ராணி உடுப்புத் தோய்த்துக்கொண்டே ஒரு பேச்சில் முடித்தாள்.

"அங்க போய்ச் சரிவராட்டி இஞ்ச வந்து ஒப்பரேஷன் செய்யலாம். இஞ்ச செய்துபோட்டு அங்க போய் என்னத்தைச் செய்யிறது?"

இதற்கு மறுபேச்சு என்ன இருக்கிறது? கொழும்புக்குப் போனோம்.

அங்கே திரும்பவும் அளந்தார்கள். என் சுரப்பியின் பருமனும் வடிவமும் நீராவிக்குப் பொருந்தும் என்றார்கள். ராணி என் தலையை முகர்ந்து கொஞ்சிவிட்டாள், தாதிக்கு முன்னால். எனக்குக் காது சூடாகியது.

சிகிச்சையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதுதான் அதிசயம். அரை மயக்கம் தந்தார்கள். கால்களைத் தூக்கி வைத்தார்கள். கருவி உள்ளே போகும் அழுத்தம் தெரிந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அடிவயிற்றில் ஒரு வெக்கை, பிறகு ஒன்றுமில்லை. திரும்பவும் அதே சத்தம், அதே வெக்கை. நான் அடுத்ததுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு வெட்டு இல்லை, ஒரு தையல் இல்லை. இவ்வளவுதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். இவ்வளவுதான் என்று அந்த டொக்டரும் அலுக்காமல் சொன்னார்.

அடுத்த நாளே திரும்பினோம். யோகன் ஒரு வான் பிடித்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். நான் பின் ஆசனத்தில் கதீற்றர் பையோடு. வருத்தம் வந்த பிறகு முதல் தடவையாக ஒரு நீண்ட றோட்டு முழுவதும் எங்கும் நிற்காமல் வந்தேன். குழாய் தன்பாட்டில் வேலையைப் பார்த்தது. யோகன் கியரை மாற்றுகிற விதத்தைத் திருத்திக்கொண்டே வந்தேன். மதவாச்சி தாண்டியதும் அவன், "அண்ணை, சலம் நல்லாப் போகுதுதானே, வாயைக் கொஞ்சம் பூட்டுங்கோ" என்றான்.

இனி எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள், இந்த இடத்தில்தான் பலர் மனம் விடுவார்கள். ஒரு கிழமையளவில் குழாயை எடுத்தார்கள். நான் அருவி கொட்டும் என்று நினைத்திருந்தேன். நெருப்புத்தான் வந்தது. எரிவு, இரத்தம் கலந்த நிறம், மீன் கழுவிய தண்ணீரில் மிதப்பதுபோலச் சின்னச் சின்னத் துண்டுகள். முந்தியதைவிட அடிக்கடி முட்டியது. அவிந்த தசை கழன்று வருகிறது, வீக்கம் வற்ற மூன்று கிழமையாவது எடுக்கும், காய்ச்சல் வந்தால் அல்லது அடைத்தால் மட்டும் உடனே வாருங்கள் என்று சொல்லித்தான் விட்டிருந்தார்கள். தலைக்குத் தெரிந்தது உடம்புக்குத் தெரியவில்லை. நான் ராணியில் எரிந்து விழுந்தேன்.

"உம்மட பேச்சைக் கேட்டு வந்து கிடக்கிறன். வவுனியாவிலயே சுரண்டியிருந்தா இப்ப வண்டியில இருந்திருப்பன்."

அவள் தண்ணீர்ச் செம்பை என் கையில் தந்தாள்.

"மூண்டாம் கிழமை வரைக்கும் பேசுங்கோ, நான் கேக்கிறன். அதுக்குப் பிறகு பேசினா நான் கேக்கமாட்டன்."

அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் உள்ளே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். தன் பேச்சால் என்னைக் கெடுத்துவிட்டேனோ என்று யோகனின் மனைவியிடம் அழுதிருக்கிறாள். அதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

எரிவு குறைந்தது. நிறம் தெளிந்தது. ஒரு காலை, பின்வளவில் தகரவேலிக்கு முன்னால் வழக்கம்போல அரைத் தூக்கத்தில் நின்றேன். முக்கவில்லை. காத்திருக்கவும் இல்லை. தானாக வந்தது. தகரத்தில் பட்டுச் சத்தம் கேட்டது. ஒரு வருடத்துக்கு மேலாக என் காலடி மண்ணைத் தாண்டாத சலம், ஒரு முழம் தள்ளியிருந்த தகரத்தில் அடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை நான் எந்த மேளத்துக்கும் மாற்றித் தரமாட்டேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் யோகன் மாடு கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணை, என்ன சத்தம் அது?"

"நான்தானடா" என்றேன்.

அவன், "இனி அந்தத் தகரம் கறள் கட்டப்போகுது" என்றான். இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்தோம். மூத்த பெறாமகள் புத்தகமும் கையுமாக ஓடிவந்து, "பெரியப்பாவுக்கு என்ன?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாமல் இன்னும் சிரித்தோம்.

அதன்பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒரு முன்னேற்றம். திரும்ப வண்டி ஏறிய முதல் நாள், நெடுங்கேணியில் இறங்கவில்லை. புளியங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க மட்டும் இறங்கினேன். வவுனியாவில் வண்டியை நிற்பாட்டியதும் முன் ஆசனத்து ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார். குளிசையையும் நிற்பாட்டச் சொன்னார்கள். டொக்டர் சொன்ன அந்த வழி அடைபடவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. இதற்குமேல் விபரம் எழுதினால் ராணி என்னை வீட்டில் ஏற்றமாட்டாள்.

நான் ஒரு சாரதி, வைத்தியன் இல்லை. என் சுரப்பிக்குப் பொருந்தியது உங்களுடையதற்குப் பொருந்தாமல் போகலாம். சுரண்டி எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற கூட்டாளிமார் எனக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான வழி. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கிளினிக்குக்குப் போகும்போது, உங்கள் உடம்பில் பங்குள்ள ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது டொக்டருக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும்.

போன மாதம் வவுனியாவில் கடைசிச் சோதனை. புனல் வைத்த ஒரு மெசினுக்குள் சலம் விடச் சொன்னார்கள். எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அது கோடு கீறிக் காட்டும். கோடு மலை மாதிரி எழும்பி இறங்கியது. டொக்டர் தலையாட்டினார். அந்தக் கடதாசியின் படத்தைத் தொலைபேசியில் எடுத்து யோகனுக்கு அனுப்பிவிட்டு, ராணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வெளிக்கிட்டேன். வழிநெடுக என் புளுகுதான். இனி நான் யாழ்ப்பாணம் வரை நிற்காமல் ஓடுவேன் என்றேன். அவள் பின்னாலிருந்து உம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

ஓமந்தை வந்ததும் முதுகில் தட்டினாள்.

"ஒருக்கா நிப்பாட்டுங்கோ. கடையில கேட்டு ஒண்டுக்குப் போட்டு வாறன்."

நிற்பாட்டினேன். போய் வந்தாள். திரும்பவும் புளியங்குளத்துக்குக் கிட்ட வரும்போது தட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னப்பா, என்ர வருத்தம் உமக்குத் தொத்தீட்டுதோ?"

அவள் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் தந்தாள். முகம் வேர்த்திருந்தது. றோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாள் தள்ளிப்போச்சு. டொக்டரைப் பாத்து முடியட்டும் எண்டுதான் சொல்லேல்லை. காலமை சோதிச்சுப் பாத்தனான், ரெண்டு கோடு."

சொல்லிவிட்டுச் சந்தியடிக் கடைப் பக்கம் நடந்து போனாள். நான் இயந்திரத்தை நிற்பாட்ட மறந்து, அது உறுமிக்கொண்டே நிற்க, தலைக்கவசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை கலைந்தது நினைவுக்கு வந்தது. பயமும் வந்தது. பயத்தை மீறி ஏதோ ஒன்று உடம்பு முழுக்க ஏறியது. இருபது வருடமாக நான் நேரத்தை நிமிடத்தில் ஓட்டியவன். எங்கே பிந்தினேன், எங்கே பிடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. இனி மாதத்தில் எண்ணவேண்டும். எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் ஒரு நாளும் முந்தாது.

முல்லைத்தீவுக்குப் போகும் எங்கள் பஸ் ஒன்று சந்தியில் திரும்பி, என்னைக் கண்டதும் மெதுவானது. என்னிடம் தொழில் பழகிய சாரதி தலையை வெளியே நீட்டினான். சனமும் யன்னலால் பார்த்தது.

"என்ன அண்ணை, றோட்டுக்கரையில நிக்கிறியள்? திரும்பவும் துடங்கீட்டுதோ?"

"ஓம் தம்பி" என்றேன். "துடங்கீட்டுது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தான். நேரமாகிறது, ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன் என்றான். நான் கையைக் காட்டி அவனைப் போகச் சொன்னேன். எனக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.